காரைக்குடிக்கு வரும் கறுப்புத் தட்டுகள்: நடன இசையா, ஜாஸா, மின்னிசையா?

காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு பெர்லினிலும் டெட்ராய்ட்டிலும் சிகாகோவிலும் வெளியாகும் புதிய இசைத்தட்டுகளை வரவழைக்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அதே இசை பேண்ட்கேம்ப் என்ற இணைய இசைக்கடையில் துல்லியமான கோப்பாகப் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும்போது, தட்டு கூடுதலாக எதைத் தருகிறது? இந்தக் கேள்விக்கு டெக்னோ, டிஸ்கோ போன்ற நடன இசையின் பதில் வேறு, ஜாஸின் பதில் வேறு, ஆடுவதற்கல்லாமல் உட்கார்ந்து கேட்பதற்கான மின்னிசையின் பதில் வேறு. மூன்றையும் 'வினைல்' என்ற ஒரே மூட்டையில் கட்டி வைத்துப் பேசுவதால்தான் பணம் வீணாகிறது.

என் வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலிடம் 12 அங்குல நடன சிங்கிளுக்கு, அதாவது பக்கத்துக்கு ஒரே பாடல் கொண்ட பெரிய தட்டுக்கு. அடுத்து ஜாஸ், அதுவும் ஆராய்ந்து வாங்கினால் மட்டும். மின்னிசை இரட்டை ஆல்பம் கடைசி. கடைக்காரர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள். புதிதாக டர்ன்டேபிள் வாங்கியவருக்கு முதலில் ஒரு ஜாஸ் செவ்வியல் ஆல்பத்தைத்தான் கையில் திணிப்பார்கள்.

நடன சிங்கிளுக்கு ஏன் முதலிடம்? அந்த வடிவமே தட்டின் இயற்பியலிலிருந்து பிறந்தது. 1970களின் நடுவில், டிஸ்கோ காலத்து நியூயார்க்கில் டாம் மோல்டன் என்ற கலவையாளர் ஒரு பாடலைச் சோதனைத் தட்டாக வெட்டக் கொடுத்தார். வெட்டுவது என்றால் ஒலியைத் தட்டில் வரிப்பள்ளமாகச் செதுக்குவது. வழக்கமான 7 அங்குல வெற்றுத் தட்டு தீர்ந்துபோயிருந்ததால், வெட்டும் பொறியாளர் 10 அங்குலத் தட்டில் வெட்டித் தந்தார். இடம் தாராளமாக இருந்ததால் வரிப்பள்ளங்களை அகலமாகப் பரப்ப முடிந்தது. ஒலி உரத்தது, தாழ்சுரம் கனத்தது. அங்கிருந்து 12 அங்குலத்துக்குப் போனது ஓர் எட்டுதான். 1976இல் சல்சோல் நிறுவனம் அந்த அளவில் ஒரு சிங்கிளைப் பொதுமக்களுக்கு விற்பனைக்கே கொண்டுவந்தது.

கணக்குப் போட்டாலும் விஷயம் விளங்கும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் ஆல்பத்தின் வெளி விளிம்பில் ஊசிக்கடியில் விநாடிக்கு ஏறத்தாழ அரை மீட்டர் வரி ஓடுகிறது. உட்பக்கம் போகப்போக அது 20 சென்டிமீட்டருக்குச் சுருங்கிவிடும். 45 சுற்றில் வெளி விளிம்பின் வேகம் கிட்டத்தட்ட 70 சென்டிமீட்டர். ஒரே ஒரு பாடல் என்பதால் உட்பக்கம்வரை போகவேண்டிய கட்டாயமும் இல்லை. ஒவ்வொரு விநாடி இசைக்கும் கூடுதல் நீளம் கிடைக்கிறது. ஹை-ஹாட் தாளம் சிதறாமல், பேஸ் டிரம் வயிற்றில் விழுகிறது. தாழ்சுரத்தை இடம் வலம் பிரிக்காமல் நடுவில் ஒன்றாகச் சேர்த்து வெட்டுவதும் இந்தத் தொழிலின் பழக்கம். பிரித்துவிட்டால் ஊசி மேலும் கீழும் ஆடி எகிறிவிடும்.

இன்றைய நிலத்தடி நடன வெளியீடுகள் பல சில நூறு பிரதிகளோடு நின்றுவிடுகின்றன. அட்டையில் படம் இருக்காது. வெள்ளை லேபிளில் ஒரு ரப்பர் முத்திரை, அவ்வளவுதான். ஆனால் வரி முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன்னுள்ள வழுவழுப்பான வளையத்தைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெட்டியவர் கையால் கீறிய எழுத்துகள் தெரியும். டெட்ராய்ட்டில் டெக்னோ தட்டுகளை வெட்டிய ரான் மர்ஃபியின் குறி, பெர்லினில் 1995இல் தொடங்கிய டப்பிளேட்ஸ் அண்ட் மாஸ்டரிங் கூடத்தின் கையொப்பம் என்று தேடிப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். வாங்குவதற்கு முன் இந்தக் கீறலின் புகைப்படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டால் யார் வெட்டியது என்று உறுதியாகிவிடும். கோப்பில் இந்தச் சுகம் கிடையாது.

இந்த இசை நமக்கு அந்நியம் என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. 1982இல் பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், ரோலண்டு நிறுவனத்தின் 808 தாள இயந்திரத்தையும் 303 பேஸ் இயந்திரத்தையும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து எச்எம்வியில் தட்டாக்கினார். அன்று யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010இல் அது மறுவெளியீடு கண்டபோது, அதே 303 பின்னாளில் சிகாகோ நடன இசையில் எழுப்பிய 'ஆசிட்' என்ற நெளியும் ஒலி இங்கே சில ஆண்டுகள் முன்னதாகவே ஒலித்திருக்கிறது என்று மேல்நாட்டுக்காரர்கள் வாய் பிளந்தார்கள். பைரவ் ராகமும் தாள இயந்திரமும் ஒத்துப்போகுமா என்று ஐயப்படுபவர்கள் அதைக் கேட்டுவிட்டுப் பேசலாம்.

குறைகளும் உண்டு. ஆறேழு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துபோய்த் தட்டைத் திருப்ப வேண்டும். இரண்டே பாடலுக்கு 12 முதல் 16 யூரோ வரை கொடுக்க வேண்டும். இவற்றைவிடப் பெரிய சிக்கல் நம் வீடுகள்.

செட்டிநாட்டு வீட்டின் வளவு, அதாவது நடு முற்றம், இசை கேட்பதற்கு அழகான இடம். நல்ல இடம் அல்ல. நடுவில் வானம் திறந்திருக்கிறது. சுற்றிலும் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த, கண்ணாடிபோல் மின்னும் சுவர், கீழே ஆத்தங்குடிக் கல் அல்லது இத்தாலியப் பளிங்கு, தூண்களோ பர்மாத் தேக்கு. தாழ்சுரம் முற்றத்தின் வழியே வானத்துக்குப் போய்விடும். மேல்சுரம் சுவருக்குச் சுவர் மோதிக் கணகணக்கும். அங்கே ஒரு டெக்னோ தட்டைப் போட்டால் பேஸ் டிரம் தொலைந்து தகர டப்பா மிஞ்சும். நடன இசைக்கு ஏற்றவை வளவைச் சுற்றியுள்ள அறைகள்தான். சின்ன அறை, கனத்த கதவு, தரையில் இரண்டு ஜமுக்காளம், மூலையில் அடுக்கிய மெத்தைகள். உடையவர் அனுமதித்தால், பூட்டியே கிடக்கும் ஓர் அறையை இதற்காகத் திறக்கலாம்.

ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும். நகரத்து மாடிக் குடியிருப்புகளில் யாராவது நடந்தாலே ஊசி நடுங்கும். நம் வீட்டுக் கீழ்த்தளம் தரையோடு தரையாகக் கட்டியது. கல்யாண வீட்டுக் கூட்டமே நடந்து போனாலும் டர்ன்டேபிள் அசையாது.

இனி ஜாஸ். இந்த இசை வளவை மன்னிக்கிறது. சாக்ஸபோனும் டிரம்பெட்டும் அந்த எதிரொலியில் ஒரு தனிக் கம்பீரம் பெறுகின்றன. ஸ்பீக்கரைப் பட்டாலைப் பக்கம் சுவரோரமாக வைத்து, எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் போதும். வீட்டாரின் எதிர்ப்பும் குறைவு. எங்கள் பெரியப்பா நடனத் தட்டு ஓடும்போது, "தம்பி, மில் ஓடுகிற மாதிரி இருக்கிறது, நிறுத்தப்பா" என்பார். ஜாஸ் கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேனின் 1971 ஆல்பத்தைப் போட்டபோது தம்புராச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வெற்றிலைச் செல்லத்தோடு வந்து உட்கார்ந்தார். அந்த ஆல்பம் தன் தலைப்பில் தாங்கியிருப்பது சுவாமி சச்சிதானந்தரின் பெயரை. அவர் கோவைக்குப் பக்கத்துச் செட்டிப்பாளையத்தில் பிறந்தவர் என்று சொன்னதும், "நம்ம பக்கத்து ஆளா!" என்று முழுப் பக்கமும் கேட்டார்.

ஆனால் ஜாஸில்தான் விற்பனைப் பேச்சு அதிகம். 'முழுக்க அனலாக்', அதாவது நாடாவிலிருந்து தட்டுவரை இடையில் டிஜிட்டல் இல்லை என்ற சொல்லுக்குத் தனி விலை வைக்கிறார்கள். புளூ நோட் என்ற ஜாஸ் நிறுவனம் 2019இல் தொடங்கிய டோன் போயட் மறுவெளியீட்டு வரிசையில் அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டு. மூல நாடாவிலிருந்து கெவின் கிரே என்ற பொறியாளர் வெட்டுகிறார். அட்டையும் கனமாக, உள்ளே பதிவுக்கூடப் புகைப்படங்களோடு வரும். அதே நிறுவனத்தின் கிளாசிக் வரிசை, விலை குறைவு. வெட்டுபவர் அவரேதான், தட்டு ஜெர்மனியில் அச்சாகிறது. இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்டால் எனக்கு அட்டையின் கனம்தான் பெரிதாகத் தெரிகிறது. எனவே கிளாசிக் வரிசையே போதும் என்பேன். மறுபக்கம், அனலாக் பெயரால் புகழ் பெற்றிருந்த மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் தன் தட்டுகள் பலவற்றின் தயாரிப்பில் நாடாவுக்கும் தட்டுக்கும் இடையே ஒரு டிஜிட்டல் கட்டம் இருந்தது என்று 2022இல் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அதுவரை அந்தத் தட்டுகளைக் கேட்டு உருகிய காதுகளுக்கு அது தெரியவே இல்லை என்பதுதான் வேடிக்கை.

அது பழைய பதிவுகளின் கதை. புதிய ஜாஸ் வேறு. சிகாகோவில் 2014இல் தொடங்கிய இன்டர்நேஷனல் ஆந்தம், மான்செஸ்டரின் கோண்ட்வானா, லண்டனின் பிரவுன்ஸ்வுட் போன்ற சிறு நிறுவனங்கள்தாம் இப்போது இந்த இசையைச் சுமக்கின்றன. டிரம் கலைஞர் மகாயா மெக்ரேவன் மேடையில் பல மணி நேரம் வாசித்துப் பதிந்ததைக் கணினியில் துண்டு துண்டாக வெட்டி, சுழலவிட்டு, மறுபடி ஒட்டிப் புது உருப்படி ஆக்குகிறார். இங்கே அனலாக் தூய்மை பேசுவது அர்த்தமற்றது. ஆனால் பக்கத்துக்கு 18 முதல் 22 நிமிடம் என்ற தட்டின் அளவு இந்த இசைக்குப் பொருந்துகிறது. ஒரு பக்கம் முடிந்ததும் வரும் இடைவெளியும் கச்சேரியின் பகுதிதான். ஆகவே ஜாஸில் பழையதைவிடப் புதியதற்கே என் ஆதரவு. 1950களின் பதிவுகள் எங்கும் போய்விடாது, நாளைக்கும் அச்சிடுவார்கள். சிறு நிறுவனத்தின் முதல் அச்சு தீர்ந்தால், தட்டுகள் கைமாறும் டிஸ்காக்ஸ் இணையச் சந்தையில் இரட்டை விலைதான்.

மின்னிசை ஆல்பத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலும் கணினியில் பிறந்து, கணினியிலேயே முடிந்த இசை. அதைத் தட்டில் வெட்டும்போது கிடைப்பதைவிட இழப்பதுதான் அதிகம். மெல்லிய ஒலிப்பரப்புகளில் ஒவ்வொரு தூசும் பொரியும். நம் ஊர்ச் செம்மண் தூசி எங்கே நுழையாது? கோடையின் வறண்ட காற்றில் தட்டு மின்னூட்டம் ஏறி, உறையிலிருந்து உருவும்போதே தூசியை இழுத்துக்கொள்ளும். இரட்டைத் தட்டு என்பதால் விலை 30 யூரோவைத் தாண்டும். பல நிறங்களைத் தெளித்த தட்டாக வந்தால் இரைச்சலுக்கும் வாய்ப்பு கூடும். கோப்பை வாங்குங்கள். கலைஞருக்குப் பணம் போய்ச் சேரவேண்டும் என்ற எண்ணம் இருந்தால், பேண்ட்கேம்ப் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் வெள்ளிக்கிழமைகளில் வாங்குங்கள்.

நான்காவது போட்டியாளர் ஒருவர் ஊருக்குள்ளேயே இருக்கிறார்: முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள். எனாமல் தூக்குவாளிக்கும் ரவிவர்மா படத்துக்கும் நடுவே தட்டுகள் சாய்ந்து கிடக்கும். இந்த ஊருக்கும் தட்டுக்கும் உள்ள உறவு பழையது. ஏவி.மெய்யப்பன் படம் எடுக்கப் போவதற்கு முன் குடும்பக் கடையில் கிராமபோன் தட்டு விற்றவர். பின்பு சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாகத் தட்டு வெளியிட்டவர். அந்தக் காலத்து 78 சுற்றுத் தட்டுகள் அரக்குக் கலவையால் ஆனவை. அவற்றின் வரி அகலம். அதற்கான ஊசி இன்றைய ஊசியைப்போல நான்கு மடங்கு பருமன். புதிய டர்ன்டேபிளில் உள்ள ஊசியை அதில் இறக்கினால் வரியின் அடியில் புழுதியை உழுதுகொண்டு போகும், ஊசியும் தேயும். "தம்பி, இது எந்த மெஷினிலும் பாடும்" என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். 1970, 80களின் எச்எம்வி வினைல் தட்டு என்றால் வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் பார்த்து வாங்கலாம். அது புதிய நடனத் தட்டுக்கு மாற்று அல்ல. பக்கத்தில் வைத்துக்கொள்ளத் தக்க இன்னொன்று.

வரவழைப்பதைப் பற்றி. ஒரு தட்டுக்கும் ஐந்து தட்டுக்கும் அனுப்புகூலியில் பெரிய வித்தியாசம் இருக்காது. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே பெட்டியாக வாங்குவதே சரி. சுங்க வரியையும் பிரித்துக்கொள்ளலாம். சித்திரை, வைகாசியில் வேண்டாம். வினைல் 60 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கும். வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் அந்தச் சூடு சாதாரணம். எனக்கு ஒரு மே மாதத்தில் வந்த பெட்டியில் தட்டு அப்பளமாக வளைந்திருந்தது. கொண்டுவந்தவர் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த 'வெயிலில் வைக்காதீர்' சீட்டைக் காட்டி, "இது இங்கிலீஷில்தானே இருக்கிறது" என்றார். கார்த்திகையிலிருந்து மாசிக்குள் முடித்துவிடுங்கள். தட்டை அட்டையிலிருந்து உருவி வெளியே தனியாக வைத்து அனுப்பும்படி விற்பவருக்கு எழுதுங்கள். இல்லாவிட்டால் பயணத்தில் தட்டின் விளிம்பு அட்டையின் தையலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து நிற்கும். வந்து சேர்ந்த பிறகு நிமிர்த்தியே வையுங்கள், படுக்கப் போடாதீர்கள். மரப்பெட்டகத்தின் அடியில் ஒரு மாதத்துக்கு ஒருமுறை கை விட்டுப் பாருங்கள். கரையானுக்கு டெட்ராய்ட்டும் ஒன்றுதான், சிகாகோவும் ஒன்றுதான்.