ஜிடிஐ என்ஜினில் வால்வுக் கரி: எது வேலை செய்யுது, எது பில்லை மட்டும் ஏத்துது

டர்போ பெட்ரோல் வண்டி நாற்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டினால், சர்வீஸ் எஸ்டிமேட்டில் 'என்ஜின் டீகார்பனைசிங்' (கரி நீக்கம்) என்று ஒரு வரி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவின் டிஎஸ்ஐ, ஹூண்டாய், கியாவின் டி-ஜிடிஐ, மஹிந்திராவின் டிஜிடிஐ எல்லாமே பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் அடிக்கும் ஜிடிஐ, அதாவது டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்ஜின்கள். அந்த வரிக்கு ஓகே சொல்லும் முன் அட்வைசரிடம் ஒன்று கேளுங்கள்: நீங்க செய்யப்போற வேலை இன்டேக் வால்வோட முதுகை, அதாவது காற்று வர்ற பக்கத்தை, தொடுமா? பதில் சுற்றி வளைத்து வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

பழைய எம்பிஎஃப்ஐ என்ஜினில் இன்ஜெக்டர் வால்வுக்குப் பின்னாலிருந்து அடிக்கும். பெட்ரோல் வால்வைக் கழுவிக்கொண்டே உள்ளே போகும். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் அந்தக் கழுவல் கிடையாது. வால்வைத் தாண்டிப் போவது காற்று மட்டும்தான், அதோடு பிசிவி என்ற வென்டிலேஷன் வால்வு வழியாக கிராங்க்கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவியும் போகும். இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வு இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் ஓவர்லேப் நேரத்தில் கொஞ்சம் எக்ஸாஸ்ட் புகையும் திரும்பி வரும். சூடான வால்வில் இது முதலில் தார் போல ஒட்டி, பிறகு இறுகிக் கருங்கல் மாதிரி ஆகிவிடும். பிஎம்டபிள்யூவின் என்54, மினி கூப்பர் எஸ்ஸின் என்14, ஆடியின் 4.2 எஃப்எஸ்ஐ ஆகியவை இதில் பேர் போனவை. டொயோட்டா டி-4எஸ் மாதிரி போர்ட்டிலும் (வால்வுக்குப் பின்னாலுள்ள காற்றுவழி) ஒரு இன்ஜெக்டர் வைத்த என்ஜின்களில் இந்தத் தொல்லை வெகு குறைவு.

இதிலிருந்தே பாதி விஷயம் தெளிவாகிவிடும். டேங்கில் ஊற்றும் க்ளீனர், எக்ஸ்பி95 மாதிரி பிரீமியம் பெட்ரோல், ஈ20 எத்தனால் எதுவும் வால்வின் முதுகுப் பக்கம் போகாது. இன்ஜெக்டர் முனையையும் பிஸ்டன் தலையையும் சுத்தமாக வைக்க நல்ல டிடர்ஜென்ட் உதவும், அதற்காக வாங்கினால் தப்பில்லை. பைபாஸில் நாலாயிரம் ஆர்பிஎம்மில் விரட்டினால் கரி எரிந்துவிடும் என்பதும் வால்வு விஷயத்தில் நடக்காது. ஹைட்ரஜன் மெஷின் மாட்டி அரை மணி நேரம் ஐடிலில் விடும் டீகார்பனும் அப்படித்தான். அது எரிவது சிலிண்டருக்குள், கரி இருப்பது வால்வுக்கு வெளியே.

ஸ்ப்ரே க்ளீனர் கொஞ்சம் வேறு. பாலிஈதர் அமீன் உள்ள இன்டேக் வால்வு க்ளீனரை, என்ஜின் சூடாக 2,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது த்ராட்டில் பாடிக்குச் சற்று முன்னால் விட்டுவிட்டு அடிக்க வேண்டும். முழு கேனும் முடிந்ததும் ஆஃப் செய்து ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் ஹைவேயில் ஓட்ட வேண்டும். டர்போவுக்கு முன்னால் அடித்தால் திரவம் இன்டர்கூலரில் தேங்கிவிடும். தொடர்ச்சியாகப் பீய்ச்சினால் சிலிண்டரில் திரவம் நிரம்பிப் பிஸ்டன் முட்டி நின்று (ஹைட்ரோலாக்) கனெக்டிங் ராட் வளையும் அபாயம் உண்டு. இளசாக இருக்கும் ஈரக்கரியை இது கரைக்கும். ஒருமுறை சுத்தம் செய்த வால்வை 15,000 கிலோமீட்டருக்கு ஒருதரம் இப்படிப் பராமரிக்கலாம். எண்பதாயிரம் ஓடி இறுகிப்போன கரியில் பூவேலை மாதிரி மேலே கொஞ்சம் அரிக்கும், அவ்வளவுதான். கட்டியாகப் பெயர்ந்தால் டர்போ, கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வழியாகத்தான் வெளியே போகணும் என்பதால், தடித்த கரியில் இதை நான் சிபாரிசு செய்வதில்லை.

இறுகிய கரிக்கு நம்பகமான வழி, இன்டேக் மேனிஃபோல்டை (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்த்தொகுப்பு) கழற்றி வால்நட் ஓட்டுத் தூளால் அடிப்பது. ஆனால் அதற்கு முன், கோளாறு கரிதானா என்று பார்க்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் முதல் நிமிடம் மிஸ்ஸிங் அடித்து, சூடானதும் சரியாவது, ஐடில் ஆடுவது, மேல் ஆர்பிஎம்மில் பிக்கப் இறங்குவது, ஸ்கேனரில் பி0300 முதல் பி0304 வரை மிஸ்ஃபயர் கோடு வருவது ஆகியவை கரியின் குணம்தான். அதே குணம் ப்ளக், காயில், கசியும் இன்ஜெக்டர், கிழிந்த பிசிவி டயஃப்ரம் எல்லாவற்றுக்கும் உண்டு. மிஸ் அடிக்கும் சிலிண்டரின் காயிலை அடுத்ததற்கு மாற்றிப் பாருங்கள். மிஸ் கூடவே போனால் காயில்தான். ப்யூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் செய்யும் பெட்ரோல் அளவுத் திருத்தம்) ஐடிலில் ப்ளஸ் பக்கம் அதிகமாக இருந்து 2,500 ஆர்பிஎம்மில் சரியானால் காற்றுக் கசிவு. இவற்றையெல்லாம் பார்த்த பிறகு மேனிஃபோல்டு சென்சார் ஓட்டை வழியாகவோ த்ராட்டில் வழியாகவோ போரோஸ்கோப் (மெல்லிய குழாய்க் கேமரா) விட்டு வால்வைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கேமரா காட்டாமல் வேலை சொல்லும் கடையில் விட வேண்டாம்.

வேலையில் நேரம் தின்பது கழற்றுவதுதான். என்ஜின் முழுசாக ஆறியிருக்க வேண்டும். ப்யூயல் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்து, தானாக அணையும் வரை விட்டு ப்ரஷரை இறக்க வேண்டும். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்ற வேண்டும். மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் சப்போர்ட் பிராக்கெட் போல்ட்டை மறந்துவிட்டு இழுத்தால் பிளாஸ்டிக் உடையும். ஹை ப்ரஷர் ரெயில் மேனிஃபோல்டோடு சேர்ந்து வரும் என்ஜின்களில் சில இன்ஜெக்டர்கள் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும். வந்தால் அதன் டெஃப்லான் ரிங்கைக் கட்டாயம் மாற்ற வேண்டும், மாட்டிய பின் ரிங்கைச் சரியான அளவுக்குச் சுருக்கும் சைஸிங் ஸ்லீவ் போட்டு இறுக்க வேண்டும், ரிங்கில் ஆயில் படக்கூடாது. ஹெட்டிலேயே தங்கிவிட்டால் தொடாதீர்கள். மேனிஃபோல்டு கேஸ்கெட், இன்ஜெக்டர் சீல் கிட் இரண்டையும் வேலை தொடங்கும் முன்பே கையில் வைத்திருங்கள். பாதியில் பார்ட்ஸுக்காக நின்ற வண்டியின் போர்ட்டுகள் திறந்தபடி கிடப்பது நல்லதல்ல.

அடுத்தது வால்வு மூடியிருக்கிறதா என்பது. இந்த வேலையில் என்ஜினைக் கொல்லக்கூடிய ஒரே இடம் இதுதான். அடிக்கப்போகும் சிலிண்டர் கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கின் டாப் டெட் சென்டரில் (பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம்) இருக்க வேண்டும். பிஸ்டன் மேலே வந்துவிட்டது என்பதை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். எக்ஸாஸ்ட் முடிவிலும் பிஸ்டன் மேலேதான் இருக்கும், அப்போது இன்டேக் திறக்கத் தொடங்கியிருக்கும். ப்ளக் ஓட்டையில் விரல் வைத்துக் காற்று தள்ளுவதைப் பார்த்துக்கொண்டே கிராங்க் புல்லி போல்ட்டை, என்ஜின் சுற்றும் திசையில் மட்டும் திருப்புங்கள். நாலு சிலிண்டரில் 1-3-4-2 வரிசை, ஒவ்வொன்றுக்கும் 180 டிகிரி. மூன்று சிலிண்டரில் 240 டிகிரி. சந்தேகம் இருந்தால் போர்ட்டில் கொஞ்சம் பிரேக் க்ளீனர் ஊற்றுங்கள், இறங்காமல் நின்றால் மூடியிருக்கிறது. பிறகு உறிஞ்சி எடுத்து நன்றாகக் காய வைக்க வேண்டும். ப்ளக்கைத் திரும்ப மாட்டி, மற்ற போர்ட்டுகளை அடைத்து டேப் ஒட்டுங்கள்.

வால்நட் தூள் நடுத்தர ரகம், ஈரமில்லாதது. நாலு சிலிண்டருக்கு எட்டு முதல் பத்து கிலோ எடுத்து வையுங்கள். ப்ரஷர் 90 முதல் 100 பி.எஸ்.ஐ. பஞ்சர் கடைக் குட்டி கம்ப்ரெஸரில் இருபது விநாடியில் காற்று இறங்கிவிடும், பெரிய டேங்க் வேண்டும். ஏர் லைனில் வாட்டர் செப்பரேட்டர் இல்லாமல் தொடங்காதீர்கள். சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் பத்து நிமிடத்தில் தூள் களியாகி முனையை அடைக்கும். போர்ட்டை மூடும் அடாப்டரில் ஒரு பக்கம் வேக்யூம் க்ளீனர், நடுவில் அடிக்கும் குழாய். பதினைந்து இருபது விநாடி அடித்து, குழாயைத் திருப்பி, வால்வு தண்டுக்குப் பின்புறமும் படும்படி மறுபடி அடியுங்கள். கரி எப்போதும் தண்டின் மறைவில்தான் மிஞ்சும். வேக்யூம் குழாயில் ஸ்டாட்டிக் ஷாக் சுள்ளென்று அடிக்கும், பயப்படத் தேவையில்லை. மணல் அடிப்பது, ஸ்டீல் வயர் பிரஷ் போடுவது இரண்டும் கூடாது. ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் சிலிண்டர் சுவரைக் கீறும். வால்நட் தூள் எரிந்துவிடும் என்றாலும், வால்வு சீட்டில் ஒட்டிய துகள் கம்ப்ரெஷனைக் கசியவிடும். அதனால் ஒவ்வொரு போர்ட்டையும் வேக்யூம் செய்து, காற்று ஊதி, கேமராவில் பார்த்த பிறகே கிராங்கைத் திருப்ப வேண்டும்.

மாட்டும்போது மேனிஃபோல்டின் எம்6 போல்ட்டுகளுக்கு 9, 10 நியூட்டன் மீட்டர் அளவுதான் பிடிக்கும், உங்கள் என்ஜின் மேனுவலில் உள்ள எண்ணே இறுதி. கை பலத்தில் முறுக்கி ஹெட் த்ரெட்டை உரித்தவர்கள் நிறைய. முதல் ஸ்டார்ட்டில் கொஞ்சம் நேரம் கிராங்க் ஆகும், லேசாகப் புகையும் வரும். ரெயில் ஜாயின்ட்டுகளில் கசிவு பார்த்து, ஸ்கேனரில் த்ராட்டில் அடாப்டேஷன் (த்ராட்டில் நிலையை மறுபடி பதிய வைப்பது) செய்துவிட்டு ஓட்டுங்கள்.

பலன்? குளிர் ஸ்டார்ட் மிஸ்ஸிங் அன்றே நிற்கும். மேல் ஆர்பிஎம் இழுவை திரும்பும். மைலேஜ் கூடும் என்று நம்பிச் செய்யாதீர்கள், வித்தியாசம் இருந்தாலும் சின்னதுதான். கரி மறுபடி படிவது நிற்காது, அதனால் 60,000 கிலோமீட்டரில் ஒருதரம் கேமரா விட்டுப் பாருங்கள். தினமும் ரெண்டு மூணு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிக்கு இன்னும் சீக்கிரம்.

கரி படியும் வேகத்தைக் குறைப்பது ஆயில்தான். டேட்டா ஷீட்டில் நோவாக் ஆவியாதல் எண்ணை (சூட்டில் எத்தனை சதவீதம் ஆயில் ஆவியாகிறது என்பது) பாருங்கள். ஏசிஇஏ சி3 என்ற ஐரோப்பியத் தர ஆயிலுக்கு 13 சதவீதம் வரை அனுமதி உண்டு, அதைவிடக் குறைவாக இருந்தால் நல்லது. கம்பெனி 15,000 என்று சொன்னாலும் 7,500க்கு மாற்றுங்கள். மேக்ஸ் கோட்டுக்கு மேல் ஊற்ற வேண்டாம். பிசிவி வழியாக வரும் ஆயிலைப் பிடித்துவைக்கும் கேட்ச் கேன் மாட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டர்போ என்ஜினில் பிசிவிக்கு இரண்டு வழி, ஐடிலில் மேனிஃபோல்டுக்கு, பூஸ்ட்டில் டர்போவின் வாய்க்கு. ஒரு பக்கம் மட்டும் மாட்டினால் மறுபக்க ஆயில் வழக்கம்போல் போய்க்கொண்டே இருக்கும். இரண்டிலும் மாட்டினாலும் படிவது மெதுவாகுமே ஒழிய நிற்காது, வாரன்டி உள்ள வண்டியில் அதைக் காரணம் காட்டி க்ளெய்மை மறுக்கவும் செய்வார்கள்.