ஆறு சனிக்கிழமை மாலைகள்: யூத சமயம் பற்றிய ஒரு வகுப்பு

யாழ்ப்பாணம் கந்தர்மடத்தில் ஒரு வீட்டின் மேல்மாடியில் ஆறு சனிக்கிழமை மாலைகளாக நடைபெற்ற யூத சமய அறிமுக வகுப்புக்கு 3,000 ரூபா கட்டிப் போய் வந்தேன். அடுத்த முறை சேரலாமா என்று கேட்பவர்களுக்கு, தயங்காமல் சேருங்கள் என்றே சொல்வேன். யூதர்களை விவிலியத்தின் வழியாகவும் போர்ச் செய்திகளின் வழியாகவும் மட்டுமே அறிந்த நம்மில் பலர், அவர்கள் எல்லோரும் ஒரே விதமாக வழிபடுகிறவர்கள் என்றே எண்ணியிருக்கிறோம். அந்த எண்ணம் முதல் மாலையிலேயே கலைந்துவிடுகிறது.

இரண்டாம் மாலைதான் இந்த வகுப்பின் உயிர். யூதச் சட்டங்களும் அவை பற்றிய விவாதங்களும் அடங்கிய தல்மூத் நூலின் ஒரு பக்கத்தைப் பெரிதாகப் பிரதியெடுத்து மேசையில் விரித்தார் ஆசிரியர். நடுவே மூலமும் அதன் மீதான விவாதமும். ஒரு புறம் 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷியின் உரை. மறுபுறம் ராஷியின் பேரர்களும் அவர்களுக்குப் பின்வந்தோரும் எழுதிய, ராஷியையே பல இடங்களில் மறுக்கும் உரை. குறளுக்குப் பரிமேலழகரையும் மணக்குடவரையும் அருகருகே வைத்துப் படித்தவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. ஹில்லேல், ஷம்மாய் என்னும் இருவரின் மாணவர் அணிகள் மூன்று ஆண்டுகள் வாதிட்டதாகவும், இரு தரப்பும் சொல்வது வாழும் இறைவனின் வார்த்தையே, ஆயினும் ஹில்லேல் அணியின் வழியே நடக்க வேண்டும் என்று வானிலிருந்து ஒரு குரல் எழுந்ததாகவும் அந்நூல் கூறுகிறது. அவ்வணியினர் தம் கருத்துக்கு முன்னர் எதிரணியின் கருத்தை எடுத்துச் சொல்லிக் கற்பித்தார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணமாம்.

அதன்பின் ஆசிரியர் கார்த்திகை விளக்கீட்டுக்கு நாம் வைக்கும் மண் சிட்டிகளில் எட்டை வரிசையாக அடுக்கினார். ஹனுக்கா விழாவின் எட்டு இரவுகளில், முதல் இரவில் எட்டு விளக்கையும் ஏற்றி நாளுக்கு ஒன்றாகக் குறைக்க வேண்டும் என்றது ஷம்மாய் அணி. ஒன்றில் தொடங்கி நாளுக்கு ஒன்றாகக் கூட்ட வேண்டும், புனிதத்தில் ஏறலாமே தவிர இறங்கக் கூடாது என்றது ஹில்லேல் அணி. இரண்டு முறைகளையும் அவர் திரியிட்டு ஏற்றிக் காட்டினார். இன்று உலகெங்கும் யூதர்கள் ஹில்லேல் வழியிலேயே ஏற்றுகிறார்கள். ஆயினும் தோற்ற தரப்பின் கருத்தும் அதன் காரணமும் அழிக்கப்படாமல் இன்றும் கற்பிக்கப்படுகின்றன என்று அவர் சொன்னபோது மாடியில் ஒருவரும் பேசவில்லை.

அடுத்த இரு மாலைகளும் நவீன காலத்துக்கு வந்தன. 1818இல் ஹம்பேர்க் நகரில், வழிபாட்டைக் காலத்துக்கேற்ப மாற்ற முனைந்த சீர்திருத்தப் பிரிவினர் திறந்த ஆலயத்தில் ஜேர்மன் மொழியில் பிரார்த்தனை செய்ததும் ஓர்கன் வாசித்ததும் அவ்வூர் ரபிகளின், அதாவது யூத சமய குருமாரின், கடும் எதிர்ப்பைக் கிளப்பின. தமிழ் அர்ச்சனை பற்றிய வாதங்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தச் சண்டையின் சூடு எளிதில் விளங்குகிறது. 1935இல் ஜேர்மனியில் ரபியாகப் பட்டம் பெற்று, 1944இல் அவுஷ்விட்ஸ் நாத்சி வதைமுகாமில் கொல்லப்பட்ட ரெஜினா யோனாஸ் என்னும் பெண்ணைப் பற்றிய பகுதி நெஞ்சில் நிற்கிறது. அவருக்குப் பின் அமெரிக்காவில் சீர்திருத்தப் பிரிவு 1972இலும், மரபுக்கும் மாற்றத்துக்கும் நடுவே நிற்கும் கொன்சர்வேட்டிவ் பிரிவு 1985இலும் பெண்களை ரபிகளாக ஏற்றன. மரபுவழிப் பிரிவின் பெரும்பகுதி இன்னும் ஏற்கவில்லை.

குறைகளும் உண்டு. கையேட்டில் பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்திலேயே இருந்ததால் பலர் உச்சரிக்கத் திண்டாடினார்கள். இஸ்ரேலில் யூதர்களின் திருமணம் மரபுவழித் தலைமை ரபித்துவத்தின் கையில் மட்டும் இருப்பதால் பிற பிரிவினர் படும் இடர், கடைசி மாலையில் கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

எனக்குப் பொறுக்க முடியாத குறை கொச்சி பற்றியது. கடலுக்கு அப்பால் நமக்கு இவ்வளவு அருகில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயம் இருக்கிறது. அதற்கு ஒரு படம் மட்டுமே காட்டப்பட்டது. அங்கே தம்மை உயர்ந்தவராகக் கருதிய யூதர்கள், விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்த யூதர்களை உள்ளே சமமாக அமர விடாமல் வைத்திருந்தார்கள். அந்த அடிமை வழிவந்தோருள் பிறந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம் 20ஆம் நூற்றாண்டில் சத்தியாக்கிரக வழியில் அதை எதிர்த்துப் போராடினார். 1968இல் தாழ்த்தப்பட்டோருக்கு நுழைவு உரிமை கேட்டு மாவிட்டபுரம் கோயில் வாசலில் நின்றவர்களை நினைவில் வைத்திருக்கும் ஊரில் இந்த வரலாற்றைச் சொல்லாமல் விடலாமா? தோரா என்னும் ஒரே மறையை ஓதுகிறவர்களுக்குள்ளும் பன்மை என்பது கருத்து வேறுபாட்டோடு நின்றுவிடவில்லை, யார் எங்கே அமரலாம் என்பதையும் தொட்டது என்று அங்கேதான் சொல்லியிருக்க வேண்டும்.

இதை ஆசிரியரிடம் நேரில் சொன்னேன். அவர் மறுக்காமல் குறித்துக்கொண்டு, அடுத்த முறை கொச்சிக்கு ஒரு முழு மாலை ஒதுக்குவதாகச் சொன்னார். அந்த மாலைக்கு மட்டுமாவது மறுபடி கட்டணம் செலுத்திப் போவேன்.