கறுப்பு கார், போர் தண்ணீர், செராமிக் கோட்டிங்: மூன்று வருஷத்துக்குப் பிறகு

காரின் பெயின்ட்டைக் காக்க மேலே பூசும் செராமிக் கோட்டிங்கைப் போடலாமா என்று யாராவது கேட்டால், நான் முதலில் விலையையோ பிராண்டையோ பேசுவதில்லை. வண்டியை யார் கழுவுகிறார்கள், எந்தத் தண்ணீரில் கழுவுகிறார்கள் என்றுதான் கேட்பேன். மூன்று வருஷத்துக்கு மேல் கோட்டிங் போட்ட காரை ஓட்டிய பிறகு எனக்குத் தெளிவான விஷயம் அதுதான். நல்ல கோட்டிங்கைக் கெட்ட துணியும் உப்புத் தண்ணீரும் சில மாதத்தில் வீணாக்கிவிடும். சுமாரான கோட்டிங்கும் நல்ல கழுவலில் பல காலம் நிற்கும்.

என்னுடையது கறுப்பு கிரெட்டா. சென்னையில் ஓஎம்ஆர் பக்கம் வீடு. கூரை இல்லாத பார்க்கிங், காலை வெயில் நேராக பானெட்டில் விழும். கடல் பக்கத்திலேயே இருப்பதால் விடியற்காலையில் கண்ணாடியைத் தொட்டால் பிசுபிசுவென்று இருக்கும். வாசலைத் தாண்டினால் மெட்ரோ ரயில் வேலை, அதன் தூசி. பெயின்ட்டைச் சோதிக்க இதைவிடக் கடுமையான இடம் கிடைப்பது கஷ்டம்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விற்பவர்கள் இதை விளக்குவதே இல்லை. காரின் பெயின்ட் ஒரே அடுக்கு கிடையாது. தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் ஈ-கோட், அதன் மேல் பிரைமர், அப்புறம் நிறம் தருகிற பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். மொத்தமும் சேர்த்துப் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரான் அளவுதான், ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை. நாம் பார்க்கும் பளபளப்பு முழுக்க அந்த மெல்லிய அடுக்கில்தான் இருக்கிறது. செராமிக் கோட்டிங் என்பது சிலிக்கா சார்ந்த ஒரு திரவம். தேய்த்து விட்டால் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து, கிளியர் கோட்டோடு பிணைந்து இறுகிவிடும். அப்படி இறுகிய படலம் ஒன்று இரண்டு மைக்ரான்தான். மெழுகைப் போல வெயிலில் இளகாது, சாதாரண ஷாம்புவில் கரையாது. அதன் பலம் இவ்வளவுதான்.

விளம்பரத்தில் 9ஹெச் என்று போடுகிறார்களே, அதைப் பார்த்துக் கீறலே விழாது என்று நினைக்க வேண்டாம். அது பென்சில் சோதனையின் அளவு. வெவ்வேறு கடினமுள்ள பென்சில் முனைகளை அழுத்தி இழுத்துப் பார்ப்பார்கள். அந்த வரிசையில் மிகக் கடினமான பென்சிலும் கீறவில்லை என்பதுதான் 9ஹெச். நம் ஊர்த் தெருத்தூசியில் இருக்கிற மணல் பென்சில் முனையைவிடக் கடினமானது. சாவியால் யாராவது கோடு போட்டாலோ, லாரி டயர் கல்லைத் தெறிக்கவிட்டாலோ கோட்டிங் எதுவும் செய்யாது. ஈசிஆரில் அடிக்கடி போவதால் என் முன் பம்பரிலும் பானெட் விளிம்பிலும் வெள்ளைப் புள்ளிகளாகக் கல்லடி இருக்கிறது. அதைத் தடுக்க பிபிஎஃப் என்கிற பிளாஸ்டிக் படலம் வேண்டும். அது 150, 200 மைக்ரான் தடிமன், விலையும் பல மடங்கு.

நான் போட்ட இடத்தில் பாலிஷ் வேலையோடு சேர்த்து ₹25,000-க்கு மேல் ஆனது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி கோட்டிங் பாட்டிலுக்கு இல்லை, அதற்கு முந்தைய உழைப்புக்கு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். முதலில் நன்றாகக் கழுவி, இரும்புத்துகளைக் கரைக்கும் திரவத்தை அடித்தார்கள். பிரேக்கிலிருந்தும் ரயில் பாதைப் பக்கமிருந்தும் வந்து ஒட்டிய துகள் இருந்த இடமெல்லாம் ஊதா நிறமாக வழிந்தது. அதிகம் ஓடாத வண்டியில் இவ்வளவா என்று ஆச்சரியமாக இருந்தது. பிறகு களிமண் போன்ற ஒரு கட்டியால் தடவி, விரலுக்குச் சொரசொரப்புத் தெரியாத அளவுக்கு வழித்தார்கள். அதற்கப்புறம் மெஷின் பாலிஷ். பேனல் பேனலாகத் தடிமன் அளக்கும் கருவி வைத்துப் பார்த்து, எவ்வளவு தேய்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். கோட்டிங் போடும் ஸ்டுடியோவைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாமல் கண் மதிப்பில் தேய்ப்பவரிடம் கிளியர் கோட்டை ஒப்படைக்க எனக்கு மனம் வராது.

பாலிஷ் செய்யாமல் கோட்டிங் போட்டால், பழைய வட்டக் கீறல்கள் அப்படியே அடியில் பூட்டப்பட்டுவிடும். புது வண்டிக்குப் பாலிஷ் எதற்கு என்று கேட்பவர்கள், இருட்டில் மொபைல் டார்ச்சை பானெட்டின் மேல் பிடித்துப் பார்க்கட்டும். யார்டில் நின்றபோதும், டெலிவரிக்கு முன் துடைத்தபோதும் விழுந்த கீறல் வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலையாகத் தெரியும். கறுப்பு வண்டி என்றால் இன்னும் மோசம்.

முதல் ஆறு மாதம் உண்மையிலேயே சுகம். மழையில் ஓட்டினால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். வாரம் முழுக்கப் படிந்த தூசி, தேய்க்காமல் வெறும் தண்ணீர் ஊற்றினாலே பாதிக்கு மேல் போய்விடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஓய்ந்த பிறகு கதவுகளின் கீழ்ப்பகுதி முழுக்கச் சேறு காய்ந்து அப்பியிருந்தது. ஷாம்பு நுரையை அடித்துச் சிறிது ஊறவிட்டுத் தண்ணீர் காட்டினேன், கை வைக்காமலே வழிந்து இறங்கியது. கோட்டிங்கின் அருமை எனக்கு முழுதாகப் புரிந்தது அன்றைக்குத்தான். தேய்க்க வேண்டிய அளவு குறைகிறது, அதனால் கீறல் குறைகிறது.

பிரச்சினை தொடங்கியது தண்ணீரில். எங்கள் குடியிருப்பில் போர் தண்ணீர். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், அதை வைத்துப் பார்த்தால் கோடையில் லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டும். இந்தியத் தர நிர்ணயத்தில் குடிநீருக்கு ஏற்ற அளவு 500 தான். செடிக்குத் தண்ணீர் விடுபவர் பீய்ச்சும் பைப் தண்ணீர், தினமும் இடப்பக்கக் கதவுகளில் தெறித்துக்கொண்டிருந்தது. சூரியன் ஏறியதும் ஒவ்வொரு துளியும் நின்ற இடத்திலேயே காய்ந்து, கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் விட்டுப் போனது. ஏப்ரல் முடிவதற்குள் கதவு முழுக்க வெள்ளை வளையங்கள்.

இங்கே ஒரு முக்கியமான உண்மை இருக்கிறது. கோட்டிங் போட்ட வண்டியில் உப்புக்கறை குறைவதில்லை, சில சமயம் கூடுகிறது. கோட்டிங் இல்லாத வண்டியில் தண்ணீர் பரவி மெல்லிய படலமாகக் காயும். கோட்டிங் உள்ள வண்டியில் உருண்டையாக நிற்கும், அதில் உள்ள உப்பெல்லாம் ஒரே புள்ளியில் சேரும். இந்தத் தண்ணீர் முத்தைக் காட்டித்தான் கோட்டிங்கையே விற்கிறார்கள். உருண்ட முத்து கீழே ஓடிவிட்டால் சரி, வெயிலில் நின்று காய்ந்தால் அதுவே கறை.

புதிதாக விழுந்த கறையை வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, நிழலில், சூடு ஆறிய பேனலில் துணியால் ஒற்றியெடுத்துக் கழுவினால் போய்விடுகிறது. எனக்கு முக்கால்வாசி அப்படித்தான் போனது. வாரக்கணக்கில் கிடந்தவை கோட்டிங்கைத் தாண்டி கிளியர் கோட்டையே அரித்திருந்தன. அந்த ஒரு கதவை மறுபடி பாலிஷ் போட்டுக் கோட்டிங் பூச வேண்டியிருந்தது. வாரண்டி உண்டே என்று அட்டையை எடுத்துக்கொண்டு போனால், உப்புக்கறை, பறவை எச்சம், கீறல் மூன்றும் விலக்குப் பட்டியலில் இருந்தன. வருஷா வருஷம் காசு கொடுத்து அவர்களிடமே பராமரிப்புக்கு விட்டால்தான் மிச்சத்துக்கும் வாரண்டி. ஐந்து வருஷ வாரண்டி என்ற எழுத்தைப் பார்த்து யாரும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அந்த அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

இப்போது கடைசி அலசலுக்கு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பயன்படுத்துகிறேன். காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவதால் அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. ராத்திரி முழுக்க ஏசி ஓடினால் பக்கெட்டில் நன்றாகவே சேரும், துணியில் வடிகட்டிக்கொள்வேன். சில வீடுகளில் ஆர்ஓ மிஷினின் கழிவுத் தண்ணீரை வீணாக்க வேண்டாம் என்று காருக்கு ஊற்றுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது துணி. சென்னைக் குடியிருப்புகளில் விடிகாலையில் ஒரு அண்ணன் பக்கெட்டும் துணியுமாக வந்து இருபது வண்டி துடைத்துவிட்டுப் போவார். ஒரே பக்கெட், ஒரே துணி. முதல் வண்டியின் மணல் கடைசி வண்டி வரை பயணம் செய்யும். கோட்டிங் போட்டதும் அவரிடம் வெளியே துடைக்க வேண்டாம் என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. “ஏன் சார், நான் நல்லாத்தான தொடைக்கிறேன்?” என்றார். “உங்க மேல ஒரு குறையும் இல்லண்ணே, அந்தத் துணியில மணல் இருக்கு. கண்ணாடி, டயர், உள்பக்கம் மட்டும் பாத்துக்கோங்க, மாசக் காசு அதேதான்” என்றேன். அவர் வருமானம் குறையக்கூடாது, என் பெயின்ட்டும் பிழைக்க வேண்டும் என்பதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை. பக்கத்து இடத்தில் நிற்கும் அதே வயதுள்ள இன்னொரு கறுப்பு வண்டியிலும் கோட்டிங் உண்டு, தினமும் துடைப்பதும் உண்டு. வெயிலில் அதன் பானெட்டைப் பார்த்தால் சாம்பல் பூத்தது போல இருக்கிறது.

நான் கழுவுவது இரண்டு பக்கெட் முறையில். ஒன்றில் அமிலமும் காரமும் இல்லாத, பிஹெச் நடுநிலையான ஷாம்பு, இன்னொன்றில் கழுவும் கையுறையை அலசச் சுத்தத் தண்ணீர். வெயில் ஏறுவதற்குள், மேலிருந்து கீழாக. பிரஷர் வாஷர் வைக்க இடமில்லை, கையால் பம்ப் அடிக்கும் நுரை ஸ்பிரேயர் போதுமானதாக இருக்கிறது. பெரிய மைக்ரோஃபைபர் துண்டைப் பரப்பி, தேய்க்காமல் ஒற்றி எடுப்பேன். சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டில் ‘வெளிப்புற வாஷ் வேண்டாம்’ என்று எழுதச் சொல்லி, எழுதியதைப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பேன்.

பறவை எச்சம் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். நாவல் பழக் காலத்தில் ஊதா நிறத்தில் விழும். எச்சத்தின் அமிலம் ஒரு பக்கம் என்றால், வெயிலில் இளகிய கிளியர் கோட் மேல் அது காய்ந்து சுருங்கும்போது பெயின்ட்டையும் சேர்த்து இழுப்பது இன்னொரு பக்கம். கோட்டிங் இதற்குச் சில மணி நேர அவகாசம் தருகிறது, அதற்கு மேல் இல்லை. டிக்கியில் ஒரு தண்ணீர் ஸ்பிரேயும் இரண்டு துணியும் எப்போதும் கிடக்கும். ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்துத் தூக்குவேன், காய்ந்ததைச் சுரண்டவே மாட்டேன். தூங்குமூஞ்சி மரத்தடியில் விழும் பிசின் போன்ற துளிகளுக்கும் இதே வைத்தியம். ஆயுத பூஜைக்கு அம்மா பானெட்டில்தான் சந்தனம் குங்குமம் வைப்பார். வைக்க வேண்டாம் என்று சொல்ல மனமில்லை, அன்று மாலையே கழுவிவிடுகிறேன். கோட்டிங் மேல் இதுவரை கறை நின்றதில்லை.

இரண்டாம் வருஷத்தின் நடுவில் தண்ணீர் உருள்வது நின்று, மந்தமாகப் பரவ ஆரம்பித்தது. கோட்டிங் போய்விட்டது, புதிதாகப் போடுங்கள் என்று ஒரு கடையில் சொன்னார்கள். நான் அதற்கு முன் இரும்புத்துகள் நீக்கி அடித்து, நன்றாக நுரை போட்டுக் கழுவிப் பார்த்தேன். பக்கவாட்டுக் கதவுகளிலும் டிக்கியிலும் பழையபடி முத்து உருண்டது. கோட்டிங் சாகவில்லை, மேலே சிமென்ட் தூசியும் புகையும் அடைத்துக்கொண்டிருந்தது. வெயிலை முழுதாக வாங்கும் பானெட்டிலும் கூரையிலும் மட்டும் பாதிதான் திரும்பியது. இப்போது மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை சிலிக்கா கலந்த ஸ்பிரே ஒன்றைக் கழுவிய ஈரத்திலேயே அடித்துத் துடைக்கிறேன், அதுவே மேலடுக்காக வேலை செய்கிறது.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோட்டிங் பூசுவது வெளியே தெரியும் பெயின்ட்டுக்கு மட்டும். உப்புக்காற்று துருப்பிடிக்க வைப்பது பெரும்பாலும் வண்டியின் அடிப்பாகத்தையும் கதவு மடிப்புகளையும். அங்கே செராமிக் வராது, அண்டர்பாடி கோட்டிங் தனி வேலை, தனிச் செலவு. அலாய் வீலுக்குப் பூசுவது மட்டும் கூடுதல் பணத்துக்குத் தகும். பிரேக் தூசி சுட்டு ஒட்டாமல் தண்ணீரிலேயே போகிறது.

அடுத்த முறை நான் செய்யப் போவது இது: முன் பம்பர், பானெட், பக்கவாட்டுக் கண்ணாடிகளின் மூடிகள், கதவுக் கைப்பிடிக் குழி ஆகியவற்றுக்கு மட்டும் பிபிஎஃப், மற்ற இடங்களுக்கு நடுத்தர விலைச் செராமிக். மிக விலையுயர்ந்த பல அடுக்குப் பேக்கேஜ் வேண்டாம். என் மச்சான் போன மாதம் வெள்ளை ஸ்விஃப்ட் வாங்கினான். மூடிய ஷெட், காவிரித் தண்ணீர் வரும் ஊர், அவனே ஞாயிற்றுக்கிழமை கழுவுவான். அவனிடம் செராமிக் வேண்டாம் என்றே சொன்னேன். மெழுகு போலத் தேய்த்துப் பூசும் நல்ல சீலன்ட் ஒன்றும், இரண்டு பக்கெட்டும், நான்கு மைக்ரோஃபைபர் துணியும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.