பழைய கார் ஸ்கிரீன்: அப்டேட் போதுமா, புதுசு மாட்டணுமா?

என் கார் ஓடுவதில் ஒரு குறையும் இல்லை. இன்ஜின், ஏசி எல்லாம் கச்சிதம். ஆனால் டேஷ்போர்டில் கம்பெனியே மாட்டிக் கொடுத்த டச் ஸ்கிரீன், போனின் மேப்பையும் பாட்டையும் கார் ஸ்கிரீனுக்குக் கொண்டுவரும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் (ஆண்ட்ராய்டு போனுக்கு) கார்பிளேவும் (ஐபோனுக்கு) நம்ம ஊர் சின்ன வண்டிகளுக்கு வருவதற்கு முந்தைய காலத்தது. மேப் எஸ்டி கார்டில் இருக்கும். புது பைபாஸில் ஏறினால் ரோடே இல்லாத வெட்டவெளியில் அம்புக்குறி மட்டும் போய்க்கொண்டிருக்கும். சர்வீஸ் சென்டரில் கேட்டேன். மேப்பும் புதுசு போடலாம், சாஃப்ட்வேரும் ஏற்றலாம் என்றார்கள். ஏற்றினால் ஆண்ட்ராய்டு ஆட்டோ வருமா என்றதற்கு, "வராது சார், அது ஹார்டுவேரே வேற" என்று பதில் வந்தது. அதற்கப்புறம் யோசிக்க ஒன்றும் இல்லை.

நீங்களும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். அப்டேட் போட்டால் போன் இணைப்பு வரும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுங்கள், ஸ்கிரீன் கொஞ்சம் மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை. வராது என்றால் மேப்புக்கு மட்டும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், போனில் இருக்கும் மேப் தினமும் தானே புதுசாகிக்கொண்டிருக்கிறது.

மாற்றுவது என்று முடிவானதும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனேன். எந்தக் கடையில் நுழைந்தாலும் முதலில் எடுத்து வைப்பது 9 இன்ச் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோதான். பார்க்க அவ்வளவு அழகு, விலையும் குறைவு. ஆனால் அது டேப்லெட்டை டேஷ்போர்டில் பதித்த மாதிரி, இன்னும் மூன்று நான்கு வருஷத்தில் அதுவும் பழசாகும், அப்போது அதற்கு அப்டேட் கொடுக்க ஆள் இருக்காது. மலிவான செட்கள் சிலவற்றில் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆண்ட்ராய்டு 13, 8 ஜிபி ரேம் என்று காட்டுவதே பொய்யாக இருக்கும். சிபியு-இசட் மாதிரி ஒரு ஆப் போட்டுப் பார்த்தால் உள்ளே என்ன சிப் என்று ஓரளவு தெரிந்துவிடும். ஆண்ட்ராய்டுதான் வேண்டும் என்பவர்கள் யுஐஎஸ்7862 போல எட்டு கோர் சிப் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

நான் எடுத்தது பயனியரின் 7 இன்ச் 2 டின் (டேஷ்போர்டு ஓட்டையின் ஒரு நிலையான அளவு) செட். உள்ளே ஆப் எதுவும் போட முடியாது, கார்பிளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் மட்டும்தான். எனக்குப் பிடித்ததே அதுதான். மூளை போனில் இருக்கிறது, போன் மாறும்போது அதுவும் மாறிவிடும். சாவி திருப்பிய சில நொடிகளில் ஸ்கிரீன் தயார், பாட்டின் ஒலியும் பழையதைவிட நன்றாகவே தெளிவு. பிரேம், கப்ளர் (வயரை வெட்டாமல் செருகும் இணைப்பு), ஸ்டீரிங் பட்டனுக்கான அடாப்டர், மாட்டும் கூலி எல்லாம் சேர்த்து 25 ஆயிரத்தை ஒட்டி வந்தது. குறை என்றால் மத்தியான வெயிலில் ஸ்கிரீன் மங்கலாகத் தெரிகிறது, அப்புறம் இது கேபிள் மாடல். வயர்லெஸ் கேட்பவர்களுக்கு ஒன்று: ஆண்ட்ராய்டு போன் என்றால் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், சித்திரை வெயிலில் போன் நன்றாகச் சூடாகும்.

மாட்டும் இடத்தில் பக்கத்திலேயே நில்லுங்கள். வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றுவதுதான் பல பேருக்குப் பழக்கம். உங்கள் வண்டிக்கான கப்ளர் இருந்தால்தான் மாட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாரண்டி பேச்சு வரும்போது சிக்கல். செட்டின் மஞ்சள் வயர் நேராக பேட்டரிக்கு, சிவப்பு, சாவி திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் லைனுக்கு. இரண்டையும் சேர்த்து பேட்டரி லைனில் கொடுத்துவிட்டால், நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டும் சாவி லைனுக்குப் போனால் செட்டிங்ஸ் ஒவ்வொரு தடவையும் அழியும். கம்பெனி ரிவர்ஸ் கேமராவையும் விசாரியுங்கள், சில வண்டிகளில் அதற்கு 6 வோல்ட்தான், 12 வோல்ட் கொடுத்தால் கேமரா போய்விடும்.

எல்லா வண்டிக்கும் இந்த யோசனை ஒத்துவராது. இப்போது வரும் கார்களில் ஏசி, கேமரா, டிரைவ் மோடு எல்லாமே ஸ்கிரீனுக்குள் இருக்கிறது. அமெரிக்காவில் பழைய டெஸ்லா மாடல் எஸ், எக்ஸ் கார்களில் 8 ஜிபி மெமரி சிப் டேட்டா எழுதி எழுதித் தேய்ந்து, ஸ்கிரீனோடு ரிவர்ஸ் கேமராவும் கண்ணாடிப் பனி நீக்கும் கட்டுப்பாடும் போனது. 2021-ல் சுமார் 1.35 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அப்படிப்பட்ட வண்டியில் வெளிக்கடை கை வைக்கவே கூடாது, கம்பெனி அப்டேட் அல்லது கம்பெனி பார்ட், அவ்வளவுதான். கேபிளில் ஏற்கெனவே கார்பிளே வருகிற வண்டிக்கு, யுஎஸ்பியில் செருகும் ஒரு சின்ன வயர்லெஸ் டாங்கிள் போதும்.

கடைக்குப் போகும்போது உங்கள் போனையும் நீங்கள் தினமும் பயன்படுத்தும் கேபிளையும் எடுத்துப்போய் டெமோ செட்டில் செருகிப் பாருங்கள், மேப் ஓடும்போதே ஒரு போன் கால் போட்டு எதிர்முனைக்குக் குரல் சரியாகக் கேட்கிறதா என்றும் கேட்டுவிட்டு அப்புறம் பணம் கொடுங்கள்.