கெல்ஸ் நூலை எதில் பார்ப்பது: படநூலிலா, ஆய்வு நூலிலா, நேர்நகலிலா, திரையிலா?

இடைக்காலக் கிறிஸ்தவக் கையெழுத்து நூலான கெல்ஸ் நூலின் 34ஆவது ஏட்டை முதன்முதலில் ஒரு பெரிய படநூலில்தான் பார்த்தேன். இரண்டு பக்கங்களுக்கு விரித்து அச்சிட்டிருந்தார்கள். சுழலுக்குள் சுழல், பின்னலுக்குள் பின்னல். மூலமும் கதவளவு இருக்கும் என்றே பல ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நூலகத்தில் அதன் நேர்நகல் பதிப்பை, அதாவது மூலத்தை அதே அளவில் அச்சு அசலாகப் பதித்த நூலை, மேசைமேல் வைத்தார்கள். உயரம் சுமார் 33 சென்டிமீட்டர், அகலம் சுமார் 25. இவ்வளவுதானா என்று ஏமாந்தேன். அடுத்த நொடியே, இவ்வளவுக்குள்ளா என்று திகைத்தேன்.

அன்றிலிருந்து இடைக்காலக் கிறிஸ்தவக் கலை பற்றிய எந்த நூல் கைக்கு வந்தாலும், இந்த ஒரு பக்கத்தை அது எப்படிக் காட்டுகிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். கெல்ஸ் நூல், ஏறத்தாழ கி.பி. 800இல் துறவிகள் கன்றுத்தோலில் எழுதிய நற்செய்தி நூல். இன்று டப்ளின் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. மத்தேயு நற்செய்தியில் இயேசுவின் பிறப்பைச் சொல்லத் தொடங்கும் இடம் வந்ததும், கிறிஸ்துவின் பெயரைக் குறிக்கும் கை, ரோ என்ற கிரேக்க எழுத்துகள் பக்கம் முழுவதையும் ஆக்கிரமித்துக்கொள்கின்றன. எழுத்தின் காலடியில் எலிகள் ஓர் அப்பத்தைக் கடித்து இழுக்கின்றன, பூனைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. சற்றுத் தள்ளி மீனைக் கவ்விய நீர்நாய்.

படநூலுக்கு உள்ள பெரிய பலம், ஆசையைக் கிளப்புவது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்தக் கதவளவுப் படம் இல்லாவிட்டால் இந்தத் துறையின் பக்கம் வந்திருக்கவே மாட்டேன். ஆனால் படநூல் பொறுக்கி எடுக்கிறது. பிரான்சின் ஷான்டியி அரண்மனையில் உள்ள பெர்ரி கோமகனின் செபநூலைப் பாருங்கள். லிம்பர்க் சகோதரர்கள் 1416 வரை வரைந்துகொண்டிருந்த அந்த நூலில் 206 ஏடுகள். படநூல்களில் திரும்பத் திரும்ப வருவதோ பன்னிரண்டு மாதங்களின் படங்கள் மட்டும். அது செபநூல் என்பதே மறந்து, ஏதோ நாட்காட்டி என்று எண்ணிக்கொள்கிறோம். பொறுக்குவதோடு நின்றாலும் பரவாயில்லை. 1948இல் அமெரிக்காவின் லைஃப் இதழ் அந்தப் படங்களை வெளியிட்டபோது, பிப்ரவரியில் உடையைத் தூக்கிக் குளிர்காயும் குடியானவர்களின் உறுப்புகளைத் துடைத்துவிட்டே அச்சிட்டது. இடைக்கால ஓவியருக்கும் கோமகனுக்கும் உறுத்தாதது இருபதாம் நூற்றாண்டு இதழாசிரியருக்கு உறுத்தியிருக்கிறது.

அடுத்தது ஆய்வு நூல். பார்வைக்கு வறண்ட கட்டை. தபால் அட்டை அளவில் கறுப்பு வெள்ளைப் படங்கள், பக்கத்தில் பாதி அடிக்குறிப்பு. கறுப்பு வெள்ளை ஒரு குறையே அல்ல என்பது என் கட்சி. பின்னல் எங்கே மேலேறுகிறது, எங்கே கீழே நுழைகிறது என்று கோட்டைத் தொடர வேண்டுமானால் வண்ணம் குறுக்கே நிற்கும். வண்ணத்தைப் பற்றிய உண்மையும் கடைசியில் இந்த வகை நூலில்தான் கிடைக்கிறது. கெல்ஸ் நூலில் பொன் தகடு கிடையாது. பொன்போல மின்னுவது ஆர்சனிக் கலந்த மஞ்சள் கனிமம், அதாவது அரிதாரம். நடிகரின் முகப்பூச்சுக்கே பெயராகிவிட்ட அதே அரிதாரம் இங்கே பொன்னாக வேடம் கட்டியிருக்கிறது. படநூல்களின் அட்டையில் பொன் முத்திரை பளபளக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

ஆய்வு நூலுக்கும் ஒரு ஆபத்து உண்டு, அது பழசாகிவிடும். கெல்ஸ் நூலின் நீலம் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த லாபிஸ் லாசுலிக் கல் என்று அறிஞர்கள் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். துறவியின் தூரிகைக்கும் தொலைதூர மலைக்கும் முடிச்சுப் போடும் அந்தக் கதை யாருக்குத்தான் பிடிக்காது? ஒளியைப் பாய்ச்சி நிறப்பொருளை அடையாளம் காணும் ராமன் நிறமாலைச் சோதனை வந்து அதைக் கலைத்தது. அது செடியிலிருந்து எடுத்த சாயம். ஆகவே ஆய்வு நூலை வாங்குமுன் பதிப்பாண்டைப் பார்த்துவிடுங்கள். படநூல்களில் பல இன்னும் அந்தக் கல்லையே கட்டிக்கொண்டிருக்கின்றன.

நேர்நகலுக்குப் போட்டியே வேறு தளத்தில். 1950களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் பெர்னில் வந்த கெல்ஸ் நூல் பதிப்பில் 48 பக்கங்களுக்குத்தான் வண்ணம், மற்றவை கறுப்பு வெள்ளை. 1990இல் அதே நாட்டின் லூசெர்னில் வந்ததுதான் முழு வண்ண நேர்நகல். மொத்தம் 1,480 பிரதிகள். ஏட்டைக் கையால் அழுத்தாமல், காற்றை உறிஞ்சி நிறுத்திப் படமெடுக்க ஒரு கருவியையே செய்தார்கள். தோலிலுள்ள ஓட்டைகள்கூட நகலில் ஓட்டைகளாகவே இருக்கின்றன. தனி வாசகர் வாங்கும் பொருள் அல்ல அது, நூலகத்தில் கேட்டுப் பார்க்க வேண்டியது.

கேட்டுப் பார்த்தால் கிடைப்பது என்ன? வரிசை. கிறிஸ்துவின் உருவப்படம் ஓர் ஏட்டின் பின்பக்கத்தில் வருகிறது. அதன் எதிரே கம்பளம்போல் அலங்காரம் மட்டுமே நிறைந்த 33ஆவது ஏட்டின் முன்பக்கம். அந்த ஏட்டைத் திருப்பினால் பின்பக்கம் வெறுமை. ஒரு எழுத்துகூட இல்லை. அந்த வெற்றுத் தோலுக்கு எதிரேதான் நம் 34ஆவது ஏடு வெடிக்கிறது. இந்த வெற்றுப் பக்கத்தை எந்தப் படநூலிலும் நான் கண்டதில்லை. மௌனத்தை யார் காசு கொடுத்து அச்சிடுவார்கள்?

திரையிலும் வெற்றுப் பக்கம் இருக்கிறது, செலவும் இல்லை. டிரினிட்டி கல்லூரியே முழு நூலையும் இணையத்தில் வைத்திருக்கிறது. பூனையின் மீசைவரை பெரிதாக்கலாம். சிக்கலும் அங்கேதான். பெரிதாக்கப் பெரிதாக்க, அந்தப் பூனை எத்தனை சிறியது என்பது கையை விட்டுப் போகிறது. படநூல் எனக்குச் செய்த அதே மோசடி. பொன் தகடு வேய்ந்த மற்ற நூல்களுக்குத் திரை இன்னும் மோசம். ஏட்டை அசைத்தால்தான் பொன் உயிர்பெறும், திரையில் அது மண்நிறப் பூச்சாகக் கிடக்கிறது. இன்னொன்று, திரையில் எப்போதும் இருக்கும் என்று நம்ப முடியாது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டபோது அதன் கையெழுத்துப் பிரதிகளின் இணையப் படங்கள் மாதக்கணக்கில் திறக்கவில்லை. அங்குள்ள இன்னொரு பழைய கையெழுத்து நூலான லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி நூலைப் படிப்பவர்கள் அலமாரியிலிருந்த பழைய புத்தகத்துக்கே திரும்ப வேண்டியிருந்தது.

வடிவமைப்பாளர்கள் நாடும் ஐந்தாவது வகை ஒன்றுண்டு, அலங்காரத் தொகுப்பு. பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் ஓவன் ஜோன்ஸ் 1856இல் வெளியிட்டது அதன் தலைமகன். கெல்ஸ் நூலில் வருவதுபோன்ற கெல்ட்டிய முடிச்சுகளைப் பக்கத்திலிருந்து வெட்டி, வரிசையாக அடுக்கித் தரும். கோடு பழக நல்லது. எந்தச் சொல்லின் எந்த எழுத்தில் அது இருந்தது என்று கேட்டால் பதில் வராது.

கையில் ஒரு புத்தகத்துக்கான பணம்தான் இருக்கிறது என்றால், நான் வறண்ட ஆய்வு நூலைத்தான் வாங்குவேன். படத்துக்குத் திரை, உருவத்துக்கு நூலகத்து நேர்நகல். படநூலை விட்டுவிடுவேன், பழைய காதலி என்றாலும். ஒரு விலக்கு மட்டும்: அருங்காட்சியகக் காப்பாளர்களே எழுதும் கண்காட்சி நூல்கள். நல்ல அச்சும் நம்பகமான குறிப்பும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் அதுதான். கடையில் நின்று ஒரு நிமிடத்தில் தரம் பிரிக்க, படத்தின் அடியிலிருக்கும் வரியைப் படித்தால் போதும். எத்தனையாவது ஏடு, முன்பக்கமா பின்பக்கமா, எத்தனை மில்லிமீட்டர் என்று மூன்றும் இருந்தால் எடுத்துக்கொள்வேன். 'கெல்ஸ் நூலிலிருந்து ஒரு பக்கம்' என்று மட்டும் இருந்தால் மூடி வைத்துவிடுவேன்.