விலகத் தெரியாத 138: பஃபரா, ஓபன் கலெக்டரா, கேலா?

காரைக்குடியில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் கொண்டுவரும் இசட்80 (பழைய எட்டு பிட் பிராசஸர்) போர்டுகளில் ஒரே சிக்கலைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மெமரிக்குப் போகும் எட்டு சிப் செலக்ட் கம்பிகளை (கம்பி கீழே இறங்கினால் அந்த சிப்புக்கு அழைப்பு) ஒரு 74எச்சி138 ஓட்டுகிறது; முகவரியைப் பார்த்து எட்டில் ஒன்றை மட்டும் கீழே இழுக்கும் டீகோடர் ஐசி அது. பிராசஸரை நிறுத்திவிட்டு சுவிட்ச் பேனலிலிருந்து எழுதுவதற்காக இன்னொரு 138-ஐயும் அதே கம்பிகளில் சேர்த்திருப்பார்கள். எனேபிளை (ஐசியை இயங்கவைக்கும் சிக்னல்) எடுத்துவிட்டால் முதல் ஐசி விலகிவிடும் என்று நம்பிக்கை. விலகாது. எட்டு அவுட்புட்டையும் 5 வோல்ட்டில் இழுத்துப் பிடித்துக்கொண்டே நிற்கும். எங்கள் ஊர் வீடுகளில் முகப்புக் கதவு சாத்தியிருந்தாலும் பின்கட்டில் ஆள் நடமாட்டம் இருக்குமே, அப்படி. இன்னொரு 138 ஒரு கம்பியைக் கீழே இழுத்தால் இரண்டும் மல்லுக்கட்டும். மீட்டரில் ஒன்றுக்கும் உதவாத நடு வோல்ட்டேஜ் வரும், ஐசி சூடேறும்.

என் தேர்வு, ஒவ்வொரு 138-க்கும் பின்னால் ஒரு ட்ரை-ஸ்டேட் பஃபர்; அணைத்தால் மேலேயும் கீழேயும் இழுக்காமல் கம்பியை முழுதாக விட்டுவிடும் ஐசி. அதிலும் 244-ஐவிட 541. 541-இல் இன்புட் எல்லாம் 2 முதல் 9 வரை ஒரே பக்கம், அவுட்புட் எல்லாம் எதிர்ப்பக்கம்; வெரோ போர்டில் கம்பி பின்னிக்கொள்ளாது. 244-இல் இரண்டும் மாறி மாறி வரும். போதாததற்கு 1-ஆம் பின் நான்கு கம்பிக்கு எனேபிள், 19-ஆம் பின் மீதி நான்குக்கு. 19-ஐ மறந்தால் பாதி மெமரி மட்டும் தகராறு செய்யும். காரணம் தேடியே ஒரு நாள் போய்விடும். பஃபரால் கூடும் தாமதம் சில பத்து நானோசெகண்டுக்குள்தான். 4 மெகாஹெர்ட்ஸில் ஒரு கிளாக்கே 250 நானோசெகண்ட், அதனால் பாதிப்பில்லை.

ஓபன் கலெக்டர் டீகோடரான 74எல்எஸ்156 கீழே மட்டுமே இழுக்கும், அதனால் சண்டையே வராது. ஆனால் கம்பி மேலே ஏறுவது ரெசிஸ்டரை நம்பி. ரெசிஸ்டர் 10 கிலோ ஓம், கம்பியின் கெப்பாசிட்டன்ஸ் 50 பிக்கோஃபாரட் என்றால் டைம் கான்ஸ்டன்ட் (ஏறும் வேகத்தின் அளவு) 500 நானோசெகண்ட், அதாவது இரண்டு கிளாக். பழைய சிப் விலகுமுன் புதிய சிப் பேச ஆரம்பித்துவிடும். 1 கிலோ ஓம் போட்டால் 50-க்கு இறங்கும், அப்போது பரவாயில்லை.

சிப்புக்குள் லாஜிக்கை எழுதும் புரோகிராமர் கருவி கையில் இருந்தால், நாமே லாஜிக்கை எழுதிக்கொள்ளும் கேல் 16வி8 போதும். டீகோடரும் ட்ரை-ஸ்டேட்டும் ஒரே 20 பின் ஐசிக்குள் அடங்கிவிடும். அதற்காகவே புரோகிராமர் வாங்க வேண்டாம்.

எதை எடுத்தாலும் எட்டுக் கம்பிக்கும் புல்-அப் ரெசிஸ்டர் (கம்பியை 5 வோல்ட்டுக்கு இழுத்து வைப்பது) வேண்டும். இரண்டு பக்கமும் விலகிய நேரத்தில் கம்பி அந்தரத்தில் ஆடினால், மெமரி அதைத் தன்னைக் கூப்பிட்டதாக எடுத்துக்கொள்ளலாம். அப்புறம், பஸ்ஸை (முகவரி, டேட்டா கம்பிகளை) பிராசஸர் விட்டதும் இசட்80-இன் பஸ்ஏகே பின் கீழே இறங்கும். பேனல் பக்க 541-இன் எனேபிளுக்கு அதை நேராகக் கொடுங்கள். பிராசஸர் பக்கத்துக்கு ஒரு இன்வெர்ட்டர் (சிக்னலைத் தலைகீழாக்கும் கேட்) வழியாக.