300 மி.மீ. வில் ரம்பம்: வாங்கும் முன் அலகைப் பாருங்கள்

வில் ரம்பம் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது, வளைந்த இரும்புக் குழாயில் பெரிய பல் அலகு மாட்டிய விறகு ரம்பம். அது வேறு சாமான். இங்கே பேசுவது மரச்சட்டம் போட்டதை: பக்கத்துக்கு ஒரு நிமிர்ந்த கட்டை (இதுதான் கை), நடுவே குறுக்குக் கட்டை, மேலே முறுக்குக் கயிறும் அதை ஏற்றும் சிறு முறுக்குக் கட்டையும், கீழே மெல்லிய அலகு, இரு முனையிலும் திருப்பக்கூடிய கைப்பிடி. வளைவு வெட்டுவதற்கு 300 மி.மீ. அலகு கொண்ட இந்த அளவுதான் கைக்கு அடக்கம். பலகையை நீளவாக்கில் பிளக்க 600, 700 மி.மீ. நீளத்தில் அகல அலகுச் சட்டம் இருக்கிறது. அந்த வேலையை இந்தச் சின்னதிடம் எதிர்பார்க்காதீர்கள்.

சட்டத்தின் பாலிஷைப் பார்த்து மயங்க வேண்டாம். அலகை இழுத்துப் பிடிப்பது மட்டுமே அதன் வேலை. கைகளில் மர ரேகை நீளவாக்கில் நேராக ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள். ரேகை குறுக்கே ஓடினால், முறுக்கு ஏறும்போது குறுக்குக் கட்டையின் கழுந்து (கையின் துளையில் செருகும் நாக்கு) உட்காரும் இடத்தில்தான் விரிசல் விழும். அந்தக் கழுந்துக்குப் பசை போடவே கூடாது. கைகள் அங்கே கொஞ்சம் அசைந்து கொடுத்தால்தான் இழுவிசை அலகுக்குப் போகும். குறுக்குக் கட்டை அலகுக்கு நெருங்க நெருங்க, அதே கயிற்றில் அலகு இன்னும் விறைக்கும். ஆனால் வெட்டக்கூடிய ஆழம் குறைந்துவிடும்.

காசு போட வேண்டியது அலகிலும், கைப்பிடிகளில் அதைப் பிடிக்கும் ஆணிகளிலும். 6 மி.மீ. அகலம், அங்குலத்துக்கு 10 பல்: பெரும்பாலான வளைவுக்கு இது போதும். ரொம்ப இறுக்கமான வளைவுக்கு 3 மி.மீ. அலகு மாட்டலாம், ஆனால் அது நேர்கோட்டில் அலையும். பல் விரிப்பு (பற்கள் மாறி மாறி இரு பக்கமும் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்த அலகு வளைவில் திரும்பாமல் சிக்கிக்கொள்ளும். கைப்பிடி ஆணியின் பிளவு அலகின் தடிமனுக்குச் சரியாக இருக்க வேண்டும். பிளவு அகலமாக இருந்தால் அலகு உள்ளே சாய்ந்து முறுகிவிடும். "இந்த ரம்பம் நேராகவே போகவில்லை" என்ற புகாருக்குப் பல நேரம் காரணம் இந்த முறுக்கல்தான்.

அதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. பற்களை மேலே வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அலகின் நுனியிலிருந்து நீளவாக்கில் பாருங்கள். பல்வரிசை ஒரே கோடாகத் தெரிய வேண்டும். தூரத்து முனையில் அலகின் பக்கப்பரப்பு எட்டிப் பார்த்தால், அந்தக் கைப்பிடியை மயிரிழை திருப்புங்கள். வளைவுக்காகக் கோணம் மாற்றும்போதெல்லாம் இரண்டு கைப்பிடியையும் சேர்த்தே திருப்ப வேண்டும்.

கயிறு நைலானாக இருந்தால் மாற்றிவிடுங்கள். இழுக்க இழுக்க நீளும். மெழுகு தடவிய லினன் அல்லது பாலியெஸ்டர் கயிற்றை ஐந்தாறு சுற்றுச் சுற்றி, முறுக்குக் கட்டையை அரைச் சுற்று அரைச் சுற்றாக ஏற்றுங்கள். அலகை விரலால் சுண்டினால் 'டிங்' என்று கேட்க வேண்டும். 'தொப்' என்றால் இன்னும் ஏற்றலாம்.

கோட்டுக்கு 1 மி.மீ. வெளியே வெட்டுங்கள், மிச்சத்தை அரமோ, வளைந்த விளிம்பைச் சீவும் சிறு இழைப்புளியான ஸ்போக்‌ஷேவோ பார்த்துக்கொள்ளும். அறுத்துக்கொண்டே திருப்புங்கள். ரம்பம் ஓடாமல் நிற்கும்போது திருப்பினால் மேல்பக்கம் கோட்டில் இருக்கும், அடிப்பக்கம் எங்கேயோ போயிருக்கும். பலகை தடிமனாக ஆக இந்தக் கோளாறு கூடும், ஆகவே பின்பக்கத்தையும் அடிக்கடி எட்டிப் பாருங்கள். பலகையின் நடுவே வெட்ட ஆணியைக் கழற்றி, துளை வழியே அலகை நுழைத்து மறுபடி மாட்டலாம். U வடிவ இரும்புச் சட்டத்தில் குட்டை அலகு மாட்டிய கோப்பிங் ரம்பமும் இதைச் செய்யும். ஆனால் தடித்த மரத்தில் அந்தக் குட்டை அலகு தூளை வெளியே தள்ளத் திணறும்.

தயாராக வாங்கும் ரம்பங்களில் பொதுவான குறை, கைப்பிடித் துளைகள் லொடலொடவென்று இருப்பது. கயிறு எவ்வளவு முறுக்கியும் கைப்பிடி தானாகச் சுழன்றால் அந்த ரம்பத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். வேலை முடிந்ததும் முறுக்கை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தித் தொங்கவிடுங்கள்.